எந்த வீதியில், எத்தனை மணிக்கு, யார் கையால்

வயது வந்தோர் எழுத்தறிவு மையத்துக்கோ மாலை நேரக் கல்வி மையத்துக்கோ ஊர்ப்புற நூலகத்தின் வாசிப்பு முகாமுக்கோ தயாரிக்கப்படும் திட்ட வரைவுகள் அவ்வப்போது என் பார்வைக்கு வருவதுண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றின் கடைசிப் பக்கத்தை நெருங்கும்போது ஒரே மாதிரியான வாக்கியம் ஒன்று தென்படும்: மாற்றுத்திறனாளிகள், பழங்குடியினர், திருநர்கள், புலம்பெயர் தொழிலாளர்கள் ஆகியோர் மீது சிறப்புக் கவனம் செலுத்தப்படும். எழுதியவரின் நல்லெண்ணத்தை நான் ஐயப்படவில்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்கு முந்தைய பக்கங்களிலேயே மையம் எங்கே அமையும், எத்தனை மணிக்குத் திறக்கும், யார் பாடம் நடத்துவார், யாருடைய பெயர்கள் பட்டியலில் ஏறும் என்பவையெல்லாம் முடிவாகிவிட்டிருக்கும். யார் வருவார், யார் வரமாட்டார் என்பதும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் காலத்தில் தொண்டராக நுழைந்து இன்றுவரை இந்த வேலையை விடாமல் செய்துவரும் எனக்கு, அனைவரையும் உள்ளடக்குதல் என்பது திட்டத்தின் கடைசி அத்தியாயமல்ல, முதல் கூட்டத்தில் தீர்மானிக்கப்படும் இடமும் நேரமும் ஆளும்தான் என்ற எண்ணம் உறுதிப்பட்டுக்கொண்டே வருகிறது.

தமிழ்நாட்டின் எழுத்தறிவு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 80.09 விழுக்காடு. ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. கன்னியாகுமரி மாவட்டம் 90-ஐத் தாண்டியிருந்தபோது தருமபுரி 70-ஐ எட்டவில்லை. பழங்குடியினரை மட்டும் எடுத்துப் பார்த்தால் 54.3 விழுக்காடு, பழங்குடிப் பெண்களிடையே 46.8 விழுக்காடுதான். மாநிலச் சராசரியை வைத்துக்கொண்டு, மிஞ்சியிருப்பது ஐந்தில் ஒரு பங்கு வேலைதான் என்று நினைப்பவர், அந்த ஐந்தில் ஒரு பங்கினர் எல்லா ஊர்களிலும் எல்லாத் தெருக்களிலும் சமமாகப் பரவியிருப்பதாக எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அவர்கள் குறிப்பிட்ட வயதிலும் குறிப்பிட்ட தொழில்களிலும் குறிப்பிட்ட குடியிருப்புகளிலும் குவிந்திருக்கிறார்கள். இதுவரை வந்த எல்லாத் திட்டங்களும் எட்டாமல் விட்டவர்கள் அவர்கள். ஆகவே பழைய திட்டம் எந்த ஏற்பாட்டில் நடந்ததோ அதே ஏற்பாட்டில் புதிய திட்டத்தையும் நடத்தினால், அதே ஆட்கள் மீண்டும் வெளியே நிற்பார்கள்.

முதல் சல்லடை கணக்கெடுப்பு. பகல் பதினொரு மணிக்கு வீடு வீடாகச் சென்றால் கூலி வேலைக்குப் போனவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். யாருக்குக் கல்வி வேண்டுமோ அவர்களே கணக்கில் விடுபட்டுப் போவார்கள். மாலையில் சென்றாலும், திண்ணையில் இருக்கும் ஆண்மகனிடம் வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர் உண்டா என்று கேட்டால், எல்லோரும் படித்தவர்கள்தாம் என்ற பதிலே வரும். அதில் பொய்யைவிட மானமே அதிகம். கையெழுத்துப் போடத் தெரிந்த மருமகளுக்குப் பேருந்தின் பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரியுமா என்பது அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்டு பட்டியல் தயாரித்தால், அட்டையே இல்லாத இருளர் குடும்பங்களும், ஆறு மாதம் செங்கல் சூளையிலும் ஆறு மாதம் சொந்த ஊரிலுமாக வாழ்கிறவர்களும் தொடக்கத்திலேயே இல்லாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த வரையில் இதற்குப் பயன்படும் வழி, அந்தந்தக் குடியிருப்பைச் சேர்ந்த பெண்களையே கணக்கெடுக்கச் சொல்வதுதான். எந்த வீட்டில் எந்தப் பாட்டி மருந்துச் சீட்டைப் பேரனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறாள் என்பது அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரியும். அதிகாரியின் கையில் இருக்கும் படிவத்துக்குத் தெரியாது.

அடுத்தது நேரம். மாலை ஆறு முதல் எட்டு என்று எழுதிவிடுவது எளிது. அந்த இரண்டு மணி நேரம்தான் வேலையிலிருந்து திரும்பிய பெண் அடுப்பை மூட்டி, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைக் கவனித்து, மாட்டைக் கட்டும் நேரம் என்பதை எழுதுகிறவர் நினைத்துப் பார்ப்பதில்லை. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துக்குச் செல்பவர்கள் வெயில் ஏறுவதற்கு முன் வேலையைத் தொடங்கியாக வேண்டும். பூப்பறிக்கச் செல்பவர்களும் அப்படித்தான். அவர்கள் இரவு எட்டு மணிக்கு உறங்கப் போகிறவர்கள். திருநெல்வேலியிலும் வேலூரிலும் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றும் பெண்களுக்கோ நேரம் வேறு விதமானது: ஒரு நாளைக்கு இத்தனை கட்டு என்ற கணக்கு முடியும் வரை கை ஓயாது, ஆனால் நாலைந்து பேர் ஒரே திண்ணையில் அமர்ந்து சுற்றுவார்கள், காதும் வாயும் ஓய்வாகவே இருக்கும். அந்தத் திண்ணையே ஒரு வகுப்பறை ஆகலாம். 100 நாள் வேலை என்று ஊரார் சொல்லும் வேலையில் மதிய உணவுக்குப் பிந்திய இடைவேளை மர நிழலில் கழிகிறது. அங்கே ஒரு பலகையோடு சென்ற தன்னார்வலர்கள் மாலை மையங்களைவிடக் கூடுதலான வருகையைப் பெற்றதை நான் பார்த்திருக்கிறேன். மாவட்டம் முழுமைக்கும் ஒரே நேரம் என்று அறிவிப்பது மேற்பார்வையிடுபவருக்கு வசதி, படிப்பவருக்கு அல்ல. மையத்தின் நேரத்தைக் கற்போரே கூடிப் பேசி முடிவு செய்வார்கள், பருவம் மாறினால் மாற்றிக்கொள்வார்கள் என்று திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் மையம் சில வாரங்கள் மூடிக் கிடந்தால் அதைத் தோல்வியாகக் கணக்கிடாத மேற்பார்வையும் அதோடு சேர்ந்து வர வேண்டும்.

இனி இடம். தமிழ்நாட்டின் கிராமத்தைத் தெரிந்தவர்கள் யாரும் இதைச் சாதாரணமாகக் கடந்து போக முடியாது. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்ற பிரிவு வரைபடத்தில் இருக்காது, ஆனால் எல்லோருடைய கால்களுக்கும் தெரிந்திருக்கும். கோயில் மண்டபத்தில் மையம் திறந்தால் காலனியிலிருந்து யாரும் வரமாட்டார்கள், அல்லது வந்து கீழே நிற்பார்கள். காலனியின் சமுதாயக் கூடத்தில் திறந்தால் ஊர்த்தெருப் பெண்களை வீட்டில் அனுப்பமாட்டார்கள். ஊராட்சி மன்றத் தலைவர் வீட்டுத் திண்ணை யாருக்கும் பொதுவானது என்று அவர் மனமாரச் சொல்லலாம். ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பழக்கமில்லாதவர்களுக்கு அது பொதுவானதல்ல. பொது இடம் என்று சொல்லத் தக்கவற்றில் ஓரளவு நம்பகமானவை அரசுப் பள்ளியும் அங்கன்வாடியும்தான், ஏனென்றால் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஏற்கெனவே அங்கே போய் வந்துகொண்டிருக்கிறார்கள். அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் கட்டப்பட்ட நூலகக் கட்டடங்களும் இதற்கு ஏற்றவையே. அவற்றில் எத்தனையோ கட்டடங்கள் பூட்டிக் கிடப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இதற்கு மாற்றாக மையத்தை வீட்டருகே கொண்டுபோய் வைக்கலாம். கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்ட காலத்தின் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம் இதைத்தான் செய்தது. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புப் பிள்ளைகளுக்கு, பள்ளி முடிந்த பின், அவர்கள் குடியிருக்கும் பகுதியிலேயே, அதே பகுதியைச் சேர்ந்த தன்னார்வலர் பாடம் சொல்லித் தருவது என்பதே அதன் அடிப்படை. தன்னார்வலர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தாழ்வாரத்திலும் மாடியிலும் மரத்தடியிலும் நடந்த அந்த வகுப்புகளுக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கவில்லை. இருட்டிய பின் அவர்கள் தனியே நடந்து வர வேண்டியிருக்கவில்லை. சொல்லித் தரும் அக்கா யார் வீட்டுப் பெண் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எட்டாதவர்களை எட்டுவதற்கு அருகாமையைப் போல் வேறொன்றும் உதவாது என்பதை அத்திட்டம் மாநில அளவில் காட்டியது.

ஆனால் அருகாமைக்கு ஒரு விலையும் இருக்கிறது. அதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்திருக்கும் ஊரில், தெருவுக்கு ஒரு மையம் என்றால் சாதிக்கு ஒரு மையம் என்றே பொருள். ஒவ்வொரு தனி மையத்திலும் வருகை நன்றாக இருக்கும். மாவட்ட அறிக்கையில் எல்லாப் பிரிவினரும் பங்கேற்றதாகப் புள்ளிவிவரம் வரும். ஆயினும் ஒரு தெருப் பெண் மறு தெருப் பெண்ணோடு ஒரு பலகையின் முன் அமர்ந்ததே இல்லை என்ற நிலை அப்படியே தொடரும். பன்முகத்தன்மை என்ற சொல்லை இத்தகைய திட்டத்துக்குச் சூட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அதே நேரத்தில், முதல் நாளே எல்லோரும் ஒரே இடத்துக்கு வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், வராமல் போகிறவர்கள் எப்போதும் அதே காலனிப் பெண்களாகத்தான் இருப்பார்கள். அவமானத்தின் நினைவு உள்ளவர்களிடம் நம்பிக்கையை முன்பணமாகக் கேட்க முடியாது. என் தீர்ப்பு இது: எழுத்தைக் கற்பது வீட்டருகே தொடங்கட்டும், ஆனால் எல்லோரும் கூடிச் செய்யும் வேலை எது, அது எந்த மாதம், எந்தப் பொதுவெளியில் நடக்கும் என்பது திட்டம் எழுதும்போதே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கலப்பு தானாக நிகழும் என்று விட்டுவிட்டால் அது ஒருபோதும் நிகழாது.

அது எப்படி நிகழலாம் என்பதற்குப் புதுக்கோட்டையைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது 1991-இல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுப்பதையும் சேர்த்துக்கொண்டது. கல் குவாரிகளில் வேலை செய்த பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் எனப் பல்லாயிரக்கணக்கானோர் கற்றார்கள். பெண்களுக்கான சைக்கிள் கடையில் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். சைக்கிளின் பயனைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. தண்ணீர் எடுத்து வரவும் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் அது உதவியது. நான் இங்கே சுட்ட விரும்புவது வேறு. சைக்கிளை வீட்டுத் தாழ்வாரத்தில் கற்றுக்கொள்ள முடியாது. அதற்குத் திடல் வேண்டும், சாலை வேண்டும், பின்னால் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். பேருந்து செல்லும் சாலையில் யார் வீட்டுப் பெண் வேண்டுமானாலும் ஓட்டலாம். விழப் போகிறவளைத் தாங்கிப் பிடிக்கிறவள் எந்தத் தெருக்காரி என்று அந்த நொடியில் பார்க்க முடியாது. எழுத்து தனித்தனி மையங்களில் நடந்தது, சைக்கிள் எல்லோருக்கும் பொதுவான வெளியில் நடந்தது. இப்போதைய திட்டங்களில் அந்தச் சைக்கிளின் இடத்தில் எதை வைக்கலாம் என்று ஒவ்வொரு மாவட்டமும் யோசிக்க வேண்டும். கைப்பேசியில் வங்கிப் பணம் அனுப்பப் பழகுவது, இருசக்கர வாகன ஓட்டுநர் உரிமத்துக்குத் தயாராவது, கிராம சபையில் மனு எழுதிக் கொடுப்பது என எத்தனையோ உண்டு. எதுவானாலும் எல்லாருக்கும் உண்மையாகத் தேவைப்படுவதாகவும், கூடினால்தான் கைவருவதாகவும் இருக்க வேண்டும்.

மக்களை அழைப்பதைவிட அவர்களிடம் செல்வது மேல் என்பது நம் மண்ணில் புதிய எண்ணமும் அன்று. 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் மாட்டு வண்டியில் ஒரு நடமாடும் நூலகத்தை உருவாக்கினார், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதன் அதைத் தொடங்கிவைத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று. அதைக் கல்வி மையத்துக்குப் பொருத்திப் பார்த்தால், ஒவ்வொரு கற்பவருக்கும் அவருக்குரிய நேரம், அவருக்குரிய இடம் என்றாகிறது.

பாடம் நடத்துபவரைத் தேர்ந்தெடுப்பது பற்றி. 2022 முதல் 2027 வரை நடைபெறும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதைக் கடந்த எவரையும் சேர்த்துக்கொள்கிறது. வயதுக்கு மேல்வரம்பு இல்லை என்பது பெரிய முன்னேற்றம், ஏனெனில் அறிவொளிக் காலத்துத் தேசிய எழுத்தறிவு இயக்கம் 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களையே முதன்மையாகக் கருதியது. ஆனால் இது தன்னார்வலர்களின் தொண்டை நம்பி நடப்பது. ஊதியமில்லாமல் மாலை இரண்டு மணி நேரம் தர யாரால் முடியும் என்று எண்ணிப் பாருங்கள். அன்றாடக் கூலியில் வாழும் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண், அந்த நேரத்தில் துணிக்கடை வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருப்பாள். ஓரளவு வசதியுள்ள வீட்டுப் பெண்ணே தொண்டராக முடியும். தொண்டர்கள் ஒரு பிரிவிலிருந்தும் கற்போர் மற்றொரு பிரிவிலிருந்தும் வரும்போது, எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், அக்கா என்று கூப்பிட வேண்டியவரை டீச்சர் என்று எட்ட நின்று கூப்பிடும் நிலை வந்துவிடுகிறது. இல்லம் தேடிக் கல்வியின் 1,000 ரூபாய் சிறிய தொகைதான். ஆனால் பல ஏழை வீடுகளில் படித்த பெண் கற்பிப்பவளாக நிமிர்ந்ததற்கு அந்தத் தொகையே வழி செய்தது. தொண்டு உயர்ந்தது என்று சொல்லிக்கொண்டு ஊக்கத்தொகையை வெட்டும் திட்டம், அந்தப் பெண்களைத் தெரிந்தே வெட்டுகிறது என்றுதான் நான் சொல்வேன்.

உடலைப் பற்றித் திட்ட வரைவுகள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. இந்தியாவில் முழு எழுத்தறிவு பெற்றதாக 1990-இல் அறிவிக்கப்பட்ட முதல் மாவட்டமான எர்ணாகுளத்தில், வகுப்புக்கு வந்த முதியவர்கள் பலருக்கு எழுத்து புரியாமல் போகவில்லை, கண்ணுக்குத் தெரியாமல்தான் போனது என்பதை இயக்கத்தினர் கண்டுகொண்டு, கண் பரிசோதனை முகாம்கள் நடத்தி, பொதுமக்களிடம் கண்ணாடிகளை நன்கொடையாகத் திரட்டிக் கொடுத்தார்கள். நாற்பதைக் கடந்தவர்களுக்குக் கிட்டப் பார்வை மங்குவது இயல்பு. மையத்தில் இருக்கும் விளக்கு மங்கலாக இருந்தால் அது இன்னும் கடினமாகும். படிப்பு ஏறவில்லை என்று விலகிப்போகும் பாட்டிகளில் எத்தனை பேருக்கு ஒரு வாசிப்புக் கண்ணாடி போதுமானதாக இருந்திருக்கும்! கேரளத்தின் கார்த்தியாயினி அம்மா 2018-இல் தம் 96-ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றபோது நாடே வியந்தது. வியப்பதோடு நின்றுவிடாமல், நம் ஊரின் 96 வயதுக்காரர் மையத்துக்கு வந்து உட்கார ஒரு நாற்காலி இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் இது கருணையின் பாற்பட்டதன்று, சட்டத்தின் பாற்பட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. அதன் 18-ஆம் பிரிவு, வயது வந்தோர் கல்வியிலும் தொடர்கல்வியிலும் அவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பதை அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் உறுதி செய்ய வேண்டும் என்று தெளிவாகக் கூறுகிறது. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பில் பதிவான மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். சாய்தளம் அமைப்பதோடு பணி முடிந்தது என்று கருதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. செவித்திறன் இல்லாத ஒரு பெண், பள்ளிக்கே அனுப்பப்படாமல் வீட்டு வேலையிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்திருந்தால், அவருக்குச் சைகை மொழியும் தெரிந்திருக்காது. வீட்டாரோடு பேசும் சில சைகைகள் மட்டுமே இருக்கும். ஒலியைச் சொல்லி எழுத்தைக் காட்டும் நம் பாடநூல் அவருக்கு எந்த வகையிலும் உதவாது. அவருக்குப் படமும் பொருளும் சைகையும் சேர்ந்த வேறொரு வழி வேண்டும், அந்த வழி தெரிந்தவர் வட்டாரத்துக்கு ஒருவராவது வேண்டும், அவருக்குப் பயணப்படி வேண்டும். பள்ளிக் கல்வித் துறையில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்களின் வேலை நேரத்தில் வாரத்துக்குச் சில மணி நேரத்தை வயது வந்தோருக்கு ஒதுக்க ஓர் ஆணை பிறப்பித்தாலே பெரிய வாசல் திறக்கும்.

திருப்பூர் பின்னலாடை ஆலைகளிலும் சென்னைக் கட்டுமானத் தளங்களிலும் வேலை செய்யும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களை நாம் இன்னும் கற்போராக எண்ணத் தொடங்கவில்லை. கேரள எழுத்தறிவு இயக்கம் பெரும்பாவூரில் 2017-இல் தொடங்கிய சங்ஙாதித் திட்டம், புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கு மலையாளம் கற்றுத் தந்தது. அதற்கெனத் தனிப் பாடநூலும் தயாரித்தது. பெரும்பாவூரில் அவர்கள் மிகுதியாக வாழ்கிறார்கள் என்பதாலேயே அங்கே தொடங்கினார்கள். நம் ஊரில் அப்படியொரு நூல் எழுதப்படுமானால், அதில் கூலிக் கணக்கு, மருத்துவமனைச் சீட்டு, பேருந்தின் பெயர்ப்பலகை, காவல் நிலையத்தில் சொல்ல வேண்டிய நான்கு வாக்கியங்கள் ஆகியவை முதலில் வர வேண்டும். மலைகளிலும் மொழிச் சிக்கல் இருக்கிறது. நீலகிரியில் கோத்தர், தோடர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் வீடுகளில் பேசப்படுவது நம் பாடநூலின் தமிழ் அன்று. அவர்கள் மொழியில் பேசித் தமிழ் எழுத்துக்கு அழைத்துவரும் ஒருவர் அந்தச் சமூகத்திலிருந்தே வராவிட்டால், முதல் வாரத்தில் எழும் மௌனத்தை ஆர்வமின்மை என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள்.

கேரளமே திருநர்களுக்கெனச் சமன்வயா என்ற தொடர்கல்வித் திட்டத்தை நடத்தி, படிக்கும் காலத்தில் மாத உதவித்தொகையும் வழங்கியது. இந்தியாவிலேயே முதலாக 2008-இல் திருநங்கைகள் நல வாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. ஆகவே இதில் நாம் பின்தங்க எந்தக் காரணமும் இல்லை. பள்ளியில் கேலிக்கு ஆளாகிப் பாதியில் நின்றவர்களுக்குத் தேவைப்படுவது முதல் எழுத்தன்று, பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அவர்கள் தேர்ந்தெடுத்த பெயரில் வருகைப் பதிவேடு எழுதப்படுவதும், சான்றிதழில் அதே பெயர் வருவதற்கான ஆவண வேலையை மையமே முன்னின்று முடித்துத் தருவதும் தொடக்கமாக இருக்கலாம்.

ஆண்களைப் பற்றியும் ஒரு சொல். எழுத்தறிவு மையங்கள் பெரும்பாலும் பெண்களின் மையங்களாகிவிட்டன. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஐம்பது வயதுச் சுமை தூக்கும் தொழிலாளி, தம் மனைவியின் தோழியர் அமர்ந்திருக்கும் இடத்தில் வந்து அகரம் எழுதமாட்டார். அவருக்கான மையம் சந்தைக்கடையிலோ ஆட்டோ நிறுத்தத்திலோ தொழிற்சங்க அலுவலகத்திலோதான் இயங்க முடியும்.

இவ்வளவும் சொன்ன பிறகு பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கண்ணாடி, நல்ல விளக்கு, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆயா, சைகை மொழி அறிந்தவரின் பயணப்படி, தொலைதூரக் குடியிருப்புக்குச் செல்லும் தொண்டரின் பெட்ரோல் செலவு ஆகியவற்றுக்கு நிதி ஒதுக்கீட்டில் தனித்தனி வரி இருக்க வேண்டும். இதர செலவினம் என்ற ஒரே தலைப்பில் அடக்கினால் அந்தப் பணம் பதாகைக்கும் தேநீருக்கும் போய்விடும். ஒரு மலைக் குடியிருப்பில் எட்டுப் பேருக்கு நடக்கும் மையத்தின் ஆள்வீதச் செலவு சமவெளி மையத்தைவிடப் பல மடங்கு கூடும். சராசரிச் செலவை அளவுகோலாக வைத்து அந்த மையத்தை மூடச் சொல்லும் தணிக்கைக் குறிப்பு எப்படியும் வரும். அதற்கான பதிலைத் திட்டத்தின் நோக்கப் பகுதியிலேயே எழுதிவைத்துவிட வேண்டும்.

திட்டம் எழுதும் கூட்டத்தில் யார் அமர்ந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்குக் கிராம சபை என்று பதில் சொல்வது வழக்கம். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே தீர்மானம் நிறைவேற்றுவது அவசியமும்கூட. ஆனால் அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசுகிறவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். முதலில் ஒவ்வொரு குடியிருப்பிலும் பத்துப் பேர் உட்காரும் சிறு கூட்டம், அதில் பேசப்பட்டதை அவர்களுள் ஒருவரே கிராம சபையில் எடுத்துச் சொல்வது என்ற வரிசையில் போனால், தீர்மானத்தில் இடமும் நேரமும் அவர்கள் வாய்மொழியாகவே வந்து சேரும்.

மதிப்பீட்டில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் நான் வலியுறுத்துவேன். மைய வருகையின் மொத்த எண்ணிக்கையைக் கேட்பதற்குப் பதிலாக, முதல் மாதம் வந்து மூன்றாம் மாதம் வராமல் போனவர்களின் பெயர்ப் பட்டியலை வட்டார ஒருங்கிணைப்பாளர் கேட்க வேண்டும். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு தொண்டர் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று, ஏன் வரவில்லை என்று கேட்காமல், எப்போது எங்கே என்றால் வர முடியும் என்று கேட்டு எழுதி வர வேண்டும். நான்காம் மாதத்தில் மையத்தின் நேரமோ இடமோ அந்தப் பதில்களுக்கு ஏற்ப மாறியிருக்கிறதா என்பதே அந்த வட்டாரத்தின் மதிப்பெண்ணாக இருக்கட்டும்.